ரெண்டு கோடு, ஒரு கோடு

ஃபிளைட்டுக்கு இன்னும் பதினோரு நாள்.
மேசையில் இரண்டு பென்டிரைவ்.
மூடி தொலைந்ததில் பழைய லினக்ஸ்,
எட்டு வருடமாய் நான் கைவைக்காத மூலை
அதில் ஒன்றுகூட இல்லை.
சிவப்பில் இருப்பது புதுசு.
அடித்தளத்தைப் பூட்டியே கொடுப்பார்கள்,
படிக்கலாம், எழுத முடியாது.
அப்டேட் செங்கல் செங்கலாய் வராது,
முழு வீடாய் வந்து இறங்கும்.
பிடிக்கவில்லையா, ரீபூட் செய்து
நேற்றைய வீட்டுக்கே குடி திரும்பலாம்.

கீழக்கரையில் கரண்டு சொல்லிவிட்டுப் போவதில்லை.
போன நோன்பில் அப்டேட் பாதி ஓடும்போது போனது.
நான் ஷார்ஜாவில், ஒரு கப்பல் ஜெனரேட்டரின்
வயிற்றுக்குள் கிடந்தேன்.
ரிஃபாயா போனைத் திரைக்கு நேரே பிடித்தாள்.
கறுப்பில் வெள்ளை எழுத்து
சரசரவென்று இறங்கி
ஓரிடத்தில் நின்றுவிட்டது.
"மச்சான், இது என்னத்தக் கேக்குது?"
சொல்ல ஆரம்பித்தேன்.
பாதியில் என் போன் செத்துவிட்டது.

மறுநாள் கேட்டேன். "சரியாப் போச்சு" என்றாள்.
தானாக என்று எடுத்துக்கொண்டேன்.

அந்த மெஷினில்தான்
நாற்பத்தாறு பெண்களின் தோள், கை, உயரம்;
அபாயா ஆர்டர், அட்வான்ஸ், பாக்கி.
கடல் இரண்டு தெரு தள்ளி,
இருந்தும் யூஎஸ்பி துளையில் பச்சை பூத்திருக்கிறது.
உப்புக்கு எந்தப் பூட்டும் கணக்கில்லை.
மென்பொருளையாவது பூட்டிவைத்துவிட்டுப் போகலாம்
என்பது என் யோசனை.

இஷாவுக்குப் பிறகு சிவப்பைச் செருகினேன்.
அழகாக வந்தது. தமிழ் கீபோர்டு கேட்காமலே வந்தது.
பிரிண்டர் வரவில்லை.
டிரைவரைப் போட்டேன்: எழுத அனுமதி இல்லை.
ரூட்டாகப் போய்க் கேட்டேன்:
ரூட்டுக்கும் இல்லை.
"ஒங்க ரூம் ஓனர் மாதிரியே பேசுது" என்று சிரித்தாள்.
வழி இருக்கிறது என்றேன்:
பெட்டிக்குள் பெட்டி வைத்து உள்ளே போடலாம்,
மேலே ஓர் அடுக்கு ஒட்டலாம்,
ஒட்டினால் ரீபூட்,
அடுத்த வீடு வரும்போது அடுக்கும் கூட வரும்,
பெரும்பாலும்.

"பெரும்பாலும்" என்று திருப்பிச் சொன்னாள்.

அளவு நோட்டைக் கவிழ்த்து
கடைசிப் பக்கத்தைத் திறந்தாள்.
சுடோ. இடம்.
டிபிகேஜி. இடம்.
ரெண்டு கோடு, ஒட்டி கன்ஃபிகர். இடம்.
ஒரு கோடு, ஒட்டி ஏ.
அடியில்: நோன்பு 19, ராத்திரி 2.40. சரியாச்சு.
அதற்குக் கீழே இன்னும் ஏழு,
நான் எப்போதும் சொல்லித்தராதவை.
ஒன்றில் நான் குழப்பிவைத்திருந்த
ஏதோ ஒரு ஃபைலின் பெயர்,
பக்கத்தில் ஆச்சரியக்குறி.

"பூட்டுனா ஒடையாது, சரி.
ஒடஞ்சா எங்க கை வைக்கிறதுன்னு
எனக்குத் தெரியணும்ல?"

அது உடையவே உடையாது என்றேன்.
சொல்லிமுடித்ததும் எனக்கே சிரிப்பு.
மெரைன் எலக்ட்ரீசியன் நான்.
உடையவே உடையாத எதையாவது பார்த்திருந்தால்
எனக்கு யார் சம்பளம் கொடுப்பார்கள்?

சிவப்பு இப்போது என் பெட்டியில்,
தொதல் பொட்டலத்துக்கும் சார்ஜருக்கும் நடுவே.
ஷார்ஜா அறையில் ஆறு கட்டில், ஒரு லேப்டாப்.
பகலில் எவன் எதைக் குலைத்தானோ,
இரவில் யாரும் ஒப்புக்கொள்வதில்லை.
என் தலைமாட்டுச் சுவரில்
ஆணி அடிக்கக்கூடாது என்று
மூன்று மொழியில் ஒட்டியிருக்கிறார்கள்.
பூட்டிய லினக்ஸுக்கு அதுதான் ஊர்.

வீட்டு மெஷினில் பழையதே.
பிரிண்டர் கரகரவென்று இழுத்து
ஒரு பில்லைத் துப்பியது.
நோட்டில் ஒன்பதாவது வரி எழுதிக்கொண்டே கேட்டாள்:
"ரூட் பாஸ்வேர்டை மாத்திக்கட்டுமா?"

மாத்து என்றேன்.

"என்னன்னு சொல்ல மாட்டேன்."